யாருக்கு இந்த உறுதி?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். சிங்கப்பூரில் 1966 ஆகஸ்ட் 24 அன்று பள்ளி மாணவர்கள் கொடிக்கு முன்னால் நின்று முதன்முதலாகச் சொன்ன தேசிய உறுதிமொழி. அன்று தொடங்கியது, ஏறத்தாழ 60 ஆண்டுகளாக அந்த நாட்டில் நான்கு மொழிகளில் ஒலித்து வருகிறது. மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ். அதன் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம், இனம், மொழி, மதம் என்று பிரிந்து நில்லாமல் ஒன்றுபட்ட மக்களாக, நீதியும் சமத்துவமும் அடிப்படையாக அமைந்த ஒரு ஜனநாயகச் சமுதாயத்தைக் கட்டி எழுப்புவோம். அதனால் நாட்டுக்கு மகிழ்ச்சியும் வளமும் முன்னேற்றமும் சேர்ப்போம். இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்த வாக்கியத்தை நின்று நிதானித்துக் கேட்டால் ஒரு கேள்வி எழுகிறது. நாட்டுக்கு விசுவாசம் சொல்லும் உறுதிமொழி என்றால், அதை யாருக்குச் சொல்கிறோம்? அரசனுக்கா? அரசுக்கா? கொடிக்கா? மண்ணுக்கா? சிங்கப்பூரின் உறுதிமொழியில் இவற்றில் எதற்கும் விசுவாசம் சொல்லப்படவில்லை. தேடிப் பாருங்கள், கிடைக்காது. அப்படியானால் அது யாருக்குத் தந்த உறுதி? அது குடிமக்கள் ஒருவருக்கொருவர் தந்துகொண்ட உறுதி என்பது என் வாதம். அப்படி எடுத்துக்கொண்டால்தான் அதன் சொற்களுக்கும் வரலாற்றுக்கும் பொருள் விளங்கும். அதை வைத்து நடந்த சண்டைகளுக்கும் அப்போதுதான் பொருள் விளங்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காண, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட விசுவாச உறுதிமொழியை அருகில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் உறுதிமொழி. 1892-இல் ஃபிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் மதகுரு அதை எழுதினார். கொலம்பஸ் அமெரிக்கா சென்றடைந்த 400-ஆம் ஆண்டு விழாவுக்காக, சிறுவர்களும் குடும்பங்களும் படித்த 'யூத்ஸ் கம்பானியன்' என்ற இதழில் அது வெளிவந்தது. அது எதற்கு விசுவாசம் சொல்கிறது? கொடிக்கும், அந்தக் கொடி குறிக்கும் குடியரசுக்கும். தொடக்கத்தில் 'என் கொடி' என்றுதான் இருந்தது. வேற்று நாடுகளிலிருந்து குடியேறி வந்த பிள்ளைகள் தங்கள் பழைய நாட்டுக் கொடியை மனத்தில் நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தில், 1923-இலும் 1924-இலும் அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி என்று மாற்றப்பட்டது. 1954-இல், சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் மூண்டிருந்த காலத்தில், கடவுளின் கீழ் என்ற சொற்களைச் சேர்க்கும் சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். அச்சம் வந்தபோதெல்லாம் ஒரு சொல் கூடியது. அதன் கடைசிப் பகுதி அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும் என்று முடிகிறது; உயர்ந்த சொற்கள். ஆனால் அந்தச் சொற்கள் குடியரசுக்கு அடைமொழியாக நிற்கின்றன. அனைவருக்கும் நீதி வழங்கும் குடியரசு ஏற்கனவே இருக்கிறது, அதற்கு நான் விசுவாசமாக இருக்கிறேன் என்பதே அதன் அமைப்பு. அது எழுதப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை ஒவ்வொரு சட்டமாகப் போட்டுப் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த மக்களின் பிள்ளைகள் எந்த நீதிக்கு விசுவாசம் சொன்னார்கள்?

சிங்கப்பூரின் வாக்கியம் வேறு விதமாக அமைந்தது. நீதி இருக்கிறது என்று அது சொல்லவில்லை. சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. கட்டி எழுப்புவோம் என்கிறது. வினை எதிர்காலத்தில் நிற்கிறது. அந்த வினைக்குரிய எழுவாய் 'நாம்'. இது தற்செயலாக அமைந்ததா? இல்லை. அது பிறந்த சூழலைப் பார்த்தால் தெரியும்.

1964 ஜூலை 21. நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். நானூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் கலவரம். இன்னும் 13 உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு, 1965 ஆகஸ்ட் 9 அன்று, மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தது. கேட்டு வாங்கிய விடுதலையாக அது வரவில்லை, பிரிவாக வந்தது. நாடு கையில் இருந்தது. மக்கள் இன்னும் ஒரு மக்களாக ஆகவில்லை. பெரும்பான்மைச் சீனர்கள், மலாய்க்காரர்கள், தமிழரும் மலையாளிகளும் சீக்கியரும் அடங்கிய இந்தியர்கள், யுரேசியர்கள். ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் ஊர் ஒன்று, கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. கொடியும் தேசிய கீதமும் 1959-லேயே வந்துவிட்டன. கொடியால் மட்டும் 1964-ஐத் தடுக்க முடியவில்லை. இந்த நிலையில்தான், பிரிவு நடந்த சில மாதங்களுக்குள், கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் மாணவர்கள் கொடிக்கு முன்னால் சொல்ல ஓர் உறுதிமொழி வேண்டும் என்று நினைத்தார். அவர் அமைச்சில் பாடநூல் ஆலோசகராக இருந்த பிலிப் லியாவும், அரசியல் ஆய்வு மையத்தின் இயக்குநர் ஜார்ஜ் தாம்சனும் வரைவுகள் எழுதினார்கள். அந்த வரைவுகளில் 'நான்' என்ற தொடக்கம் இருந்தது. கொடிக்கு விசுவாசம் என்ற சொற்களும் இருந்தன. ஒரு நாடு உறுதிமொழி எழுத உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருகிற அச்சு அதுதான். 1966 பிப்ரவரி தொடக்கத்தில் அவற்றை வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்தின் கருத்துக்கு அனுப்பினார் ஓங். இரண்டு வாரம் கழித்து ராஜரத்தினம் திருப்பி அனுப்பியது வேறொரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தில் 'நான்' போய் 'நாம்' வந்தது. கொடி போய்விட்டது. விசுவாசம் என்ற சொல்லே போய்விட்டது. ராஜரத்தினத்தின் வரைவில் இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. இரண்டும் கவனத்துக்கு உரியவை. இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்ட மக்களாக ஆவோம் என்று அவர் எழுதினார். ஆவோம் என்பதைப் பாருங்கள்: இன்னும் ஆகவில்லை என்று ஒப்புக்கொள்கிற நேர்மை அதில் இருக்கிறது. இரண்டாவது, மகிழ்ச்சியையும் முன்னேற்றத்தையும் ஒருவருக்கொருவர் உதவி செய்து தேடுவோம் என்று முடித்தார். பிரதமர் லீ குவான் இயூ அதைச் செப்பனிட்டு அமைச்சரவை முன் வைத்தார். வாக்கியம் இறுகியது, ஓசை கூடியது, சடங்குக்குரிய கம்பீரம் வந்தது. ஆனால் ஒருவருக்கொருவர் உதவி என்ற பகுதி உதிர்ந்துபோயிற்று. அந்த இடத்தில் வளம் என்ற சொல் ஏறிக்கொண்டது. இது எனக்கு வருத்தம் தருகிற மாற்றம். வளம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் யாருக்கு இந்த உறுதி என்ற கேள்விக்கு நேரடியான விடையாக இருந்த சொற்கள் அவை. அவற்றை எடுத்ததால் வாக்கியத்தின் உயிர்நாடி கொஞ்சம் மறைந்துபோனது. இன்னொரு மாற்றமும் உண்டு. மறந்து என்பது ஆங்கிலத்தில் பொருட்படுத்தாமல் என்ற பொருள் தரும் சொல்லாக மாறியது. தமிழில் மட்டும் இன்று வரை பிள்ளைகள் வேற்றுமைகளை மறந்து என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் கைவிடப்பட்ட ராஜரத்தினத்தின் முதல் சொல், அவருடைய தாய்மொழியில் தங்கிவிட்டது.

ராஜரத்தினம் தமிழர். 1915-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். சில மாதக் குழந்தையாக மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, சிரம்பானில் வளர்ந்து, லண்டனில் சட்டம் படிக்கப் போய், போரினால் படிப்பு நின்று, பத்திரிகையாளராகத் திரும்பியவர். 1954-இல் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். சிங்கப்பூரராக இருப்பது பரம்பரையால் வருவதன்று, நம்பிக்கையாலும் தெரிவாலும் வருவது என்பது அவர் கடைசிவரை விடாமல் பிடித்திருந்த கருத்து. ஏன் இப்படி ஒரு கருத்தை ஒரு மனிதர் இத்தனை பிடிவாதமாகப் பிடித்திருக்க வேண்டும்? அவர் பிறந்த தீவைப் பாருங்கள். அவர் சிங்கப்பூரில் எழுதிக்கொண்டிருந்த 1956-இல், இலங்கை நாடாளுமன்றம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. சிங்கப்பூரில் எண்ணிக்கை பார்த்தால் சீனர்கள்தான் பெரும்பான்மை. அதே தர்க்கத்தை அங்கே பின்பற்றியிருந்தால் தமிழின் கதி என்ன ஆகியிருக்கும்? சிங்கப்பூர் அதைச் செய்யவில்லை. நான்கு ஆட்சிமொழிகள், அவற்றில் மலாய் தேசிய மொழி. அந்த ஏற்பாட்டுக்கும் இந்த உறுதிமொழிக்கும் வேர் ஒன்றே.

வட்டுக்கோட்டை என்ற பெயர் வேறொரு காரணத்தாலும் வரலாற்றில் நிற்கிறது. 1976 மே மாதத்தில் தனித் தமிழீழம் கேட்கும் தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. இருபது ஆண்டுகள் சமத்துவம் கேட்டுப் பெறாத மக்கள் பிரிவினை கேட்ட தீர்மானம் அது. 1977 தேர்தலில் அந்தக் கோரிக்கையோடு நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி நாடாளுமன்றத்தில் பிரதான எதிர்க்கட்சியானது. 1983 ஜூலையில் தமிழர்கள் மீது கொடிய வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. வீடுகளும் கடைகளும் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு அரசு தந்த மறுமொழி என்ன தெரியுமா? ஓர் உறுதிமொழி! ஆகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. தனி நாடு கோருவதை ஆதரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரசு ஊழியர்களும் வழக்கறிஞர்களும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது சட்டம். கூட்டணியின் உறுப்பினர்கள் மறுத்தார்கள். நாடாளுமன்றத்தில் தங்கள் இடங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அமிர்தலிங்கமும் அவர்களில் ஒருவர். வாக்குச்சீட்டை நம்பிய தமிழ்த் தலைவர்கள் அவைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதற்குப் பின் தமிழர் அரசியலைப் பேசும் உரிமை யார் கைக்குப் போனது, அடுத்த 26 ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூருடையது, இலங்கையுடையது, இரண்டும் உறுதிமொழிகள். இரண்டும் நாட்டின் ஒற்றுமைக்காக என்றே சொல்லப்பட்டவை. எங்கே வேறுபடுகின்றன? ஒன்றில் குடிமக்கள் தங்களுக்குள் ஒரு கடமையை ஏற்றுக்கொள்கிறார்கள். பெரும்பான்மையும் அதே சொற்களைச் சொல்கிறது, அதே சுமையைத் தூக்குகிறது. சொல்லப்போனால் பெரும்பான்மைக்குத்தான் அதில் சுமை அதிகம், ஏனென்றால் இனத்தைப் பாராமல் நடப்பதில் விட்டுக்கொடுக்க வேண்டியது அதிகம் உள்ளவர்கள் அவர்களே. மற்றதில் அரசு ஒரு சாராரைப் பார்த்து உன் விசுவாசத்தைக் காட்டு என்கிறது. சட்டத்தின் சொற்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும், அது யாரைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. திருப்பித் தருவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மொழி உரிமை இல்லை, பாதுகாப்பு இல்லை, எரிந்த வீட்டுக்கு நியாயம் இல்லை.

இங்கே உங்களில் சிலர் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. நியாயமான மறுப்பு. இந்தியாவிலும் இப்படி ஒரு சட்டம் வந்ததே, அது பலித்ததே என்று கேட்கலாம். வந்தது உண்மை. 1963-இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம், தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்றது. அது திராவிட முன்னேற்றக் கழகத்தை மனத்தில் வைத்து வந்த சட்டம் என்பது ஊரறிந்தது. கழகத்தின் நிறுவனர் அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். பிறகு கழகம் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. ஆகவே அதட்டிக் கேட்டால் விசுவாசம் வரும் என்று முடிவு கட்டலாமா? கட்ட முடியாது. அதே கழகம் நான்கே ஆண்டுகளில், 1967-இல், தமிழ்நாட்டின் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டில் ஆங்கிலம் தொடர்ந்து அலுவல் மொழியாக இருக்கும் என்ற வாக்குறுதி மத்தியச் சட்டத்தில் ஏறியது. 1968-இல் தமிழக சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை வகுத்துக்கொண்டது. அதாவது உறுதி கேட்ட நாடு, கதவைத் திறந்தும் வைத்தது. உறுதி எடுத்தவர்களுக்குத் தங்கள் மொழியையும் ஆட்சியையும் தாங்களே நடத்தும் வழி இருந்தது. கொழும்பில் உறுதி கேட்ட கையே கதவையும் சாத்தியது. இரண்டு சட்டங்களின் நோக்கம் ஏறத்தாழ ஒன்று. விளைவோ நேர் எதிர். பிணைப்பை உண்டாக்கியது அந்தத் திறந்த கதவு. சத்தியம் மட்டும் அதைச் செய்யவில்லை.

சரி, சிங்கப்பூருக்குத் திரும்புவோம். அந்த உறுதிமொழிக்கு எதிராகச் சொல்லப்பட்ட மிகக் கனமான மறுப்பு அந்த நாட்டின் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. 2009 ஆகஸ்ட். தேசிய நாளன்று இரவு 8.22 மணிக்கு நாடு முழுவதும் மக்கள் இருந்த இடத்தில் நின்று உறுதிமொழியைச் சொன்னார்கள். அதற்குப் பத்து நாள் கூட ஆகவில்லை. நியமன நாடாளுமன்ற உறுப்பினர் விஸ்வா சதாசிவன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கொள்கைகளை விவாதிக்கும்போது உறுதிமொழியில் உள்ள கோட்பாடுகளை இந்த அவை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்றார். இன அடிப்படையில் அரசு வைத்திருக்கும் ஏற்பாடுகள் பற்றியும் கேள்வி எழுப்பினார். மறுநாள் எழுந்தவர் யார்? 1966-இல் அந்த வாக்கியத்தைச் செப்பனிட்ட லீ குவான் இயூவே எழுந்தார். அப்போது அவருக்கு வயது 85. இனங்களுக்கிடையே முழுச் சமத்துவம் என்பது ஒரு நோக்கம், ஓர் ஆசை. அது இன்றைய உண்மைநிலை இல்லை. இருப்பதாக நினைத்து நடந்தால் நாட்டுக்குக் கேடு என்பது அவருடைய வாதம். அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டினார். சிறுபான்மையினரின் நலனைக் கவனிப்பதும், மண்ணின் மக்களான மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை ஏற்று நடப்பதும் அரசின் பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்து என்று அது சொல்லவில்லையே என்றார். தீர்மானம் திருத்தத்தோடு நிறைவேறியது.

லீ சொன்னதில் பாதி சரி என்று தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். உறுதிமொழி உண்மைநிலையின் வருணனை இல்லை. அதைத்தான் அந்த வாக்கியமே சொல்கிறது! கட்டி எழுப்புவோம் என்றால் இன்னும் கட்டி முடியவில்லை என்றுதானே பொருள்? ஆனால் அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்த முடிவு தொடரவில்லை. நோக்கம் என்பதால் அதை அளவுகோலாக எடுக்கக் கூடாது என்றால், பிறகு எதைத்தான் அளவுகோலாக எடுப்பது? கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவது சுவர் ஏற்கனவே நேராக இருக்கிறது என்பதற்காகவா? சுவர் சாயும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே? கொள்கைகளை விவாதிக்கும் அவையில் இந்தச் சட்டம் சமத்துவத்தின் பக்கம் நம்மை நகர்த்துகிறதா, விலக்குகிறதா என்று கேட்பவர், நாட்டைக் குறை சொல்பவர் ஆக மாட்டார். ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கை நினைவூட்டுபவர் அவர். 152-ஆம் பிரிவைப் பொறுத்தவரை, அது உறுதிமொழிக்கு முரண் என்று நான் நினைக்கவில்லை. பின்தங்கியவருக்குக் கூடுதல் கவனம் தருவது நீதியின் ஒரு பகுதி. ஒரே வாக்கியத்தில் சமத்துவத்தோடு நீதியையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் சிங்கப்பூர் அரசு இனத்தைக் கணக்கில் எடுத்துச் செய்யும் எல்லாமே சரியா? இல்லை, ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். நல்ல எடுத்துக்காட்டு வீடமைப்பு. அந்த நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது: ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நோக்கம் தெளிவானது. இனத்துக்கு ஒரு சேரி உருவாகக் கூடாது, மின்தூக்கியிலும் சந்தையிலும் எல்லாரும் கலந்து பழக வேண்டும். இனத்தைப் பாராமல் வாழ்வதற்காக இனத்தை எண்ணிப் பார்க்கிறது அரசு. முரண் போலத் தோன்றினாலும் 1964-ஐக் கண்ட நாட்டுக்கு இதில் பொருள் உண்டு. ஆனால் இதன் விலையை யார் கொடுத்தார்கள்? ஒரு கட்டடத்தில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருக்கும்போது, சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவர் வீட்டை விற்க நினைத்தால், பெரும்பான்மை இனத்தவருக்கு விற்க முடியாமல் போகும் சூழல்கள் பல. வாங்குவோர் குறைவு, விலையும் குறைவு. ஒற்றுமைக்கான செலவு சிறுபான்மையின் பையிலிருந்து போனது. நீண்ட காலம் பேசப்பட்ட இந்தக் குறைக்கு 2022-இல் ஒரு வழி பிறந்தது. நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைச் சில நிபந்தனைகளின்பேரில் கழகமே வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஏன் பிறந்தது? அந்த ஏற்பாட்டை அந்த உறுதிமொழி தந்த அளவுகோலால் மக்கள் அளந்துகொண்டே இருந்ததால்தான் என்பது என் கருத்து.

குழுத் தொகுதிகளின் கதையும் இதைப் போன்றதே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 முதல் ஒரு குழுவாகப் போட்டியிடும் வேட்பாளர்களில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். வாக்காளர்கள் இனம் பார்த்து வாக்களிப்பார்கள் என்ற அச்சத்தில் பிறந்த ஏற்பாடு அது. அதே அச்சத்தில்தான் 2017-இல் அதிபர் பதவி மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். ஆனால் 2023-இல் என்ன நடந்தது? எந்த ஒதுக்கீடும் இல்லாத தேர்தலில், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து, தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நாடு அது! இதற்கு தர்மனின் தகுதி காரணம், அமைச்சராக அவர் பெற்ற மதிப்பு காரணம். ஆயினும் தகுதியைக் கண்ட கண்கள் இனத்தைக் கடந்து பார்த்தன என்பதை மறுக்க முடியுமா? அதிபர் பதவி வேறு, பிரதமர் பதவி வேறு என்பது உண்மை. பிரதமர் பதவிக்குச் சிறுபான்மையினர் ஒருவர் வர நாடு தயாரா என்ற விவாதம் இன்னும் அங்கே ஓயவில்லை. ஓயாதிருப்பதே நல்லது. பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பிக்கிற சொற்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்களும் இந்த வாக்குகளை எண்ணிப் பார்க்கலாம். ஏழு வயதில் பொருள் விளங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வயதில் ஒரு வேலை மறுக்கப்படும்போது, ஒரு வாடகை வீடு கிடைக்காதபோது, எல்லாரும் சேர்ந்து சொன்ன சொற்கள் இவை என்று எடுத்துக் காட்ட அந்த வாக்கியம் எல்லார் வாயிலும் ஏற்கனவே இருக்கிறது. உரிமை கேட்பவருக்கு அது சிறிய கருவியா?

இனி, இந்த உறுதிமொழியின் வரலாற்றில் நான் ஏற்க முடியாத ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் பாதியில் நின்றுவிடும். குடிமக்கள் ஒருவருக்கொருவர் மனமொப்பித் தருவது இந்த உறுதி என்றால், தர மனச்சாட்சி இடங்கொடாதவரை என்ன செய்வது? யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கொடிக்கு வணக்கம் செலுத்துவதையும் இத்தகைய உறுதி சொல்வதையும் வழிபாடாகக் கருதி விலகுபவர்கள். கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையில் சேர மறுத்ததால் 1972-இல் சிங்கப்பூர் அரசு அந்த அமைப்பின் பதிவை நீக்கியது. உறுதிமொழி சொல்லாத, கீதம் பாடாத மாணவர்கள் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். அதே காரணத்துக்காகத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் ஆசிரியர் ஒருவர் வேலையை இழந்தார். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உறுதிமொழி சமயச் சடங்கு ஆகாது, ஆகவே அதை மறுப்பது சமய உரிமையில் அடங்காது என்றது நீதிமன்றம்.

ஒற்றுமைக்கு விதிவிலக்கு கொடுத்தால் ஒற்றுமை குலையும் என்பது அரசுத் தரப்பு அச்சம். இந்த அச்சத்தை எடைபோட நமக்கு இரண்டு பெரிய நாடுகளின் அனுபவம் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1940-இல் இதே பிரிவினரின் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்தே ஆக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை அடுத்து அந்தப் பிரிவினர் பல ஊர்களில் கும்பல்களால் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1943 ஜூன் 14 அன்று, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப்போட்டது. எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அது எந்த நேரம்? உலகப் போரின் நடுவே! நாட்டுக்கு ஒற்றுமை மிகமிகத் தேவைப்பட்ட நேரம். அந்தத் தீர்ப்பால் அமெரிக்கா போரில் தோற்றுவிடவில்லை. இந்தியாவில் கேரளத்துப் பள்ளி ஒன்றிலிருந்து இதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாததற்காக நீக்கப்பட்டார்கள். அவர்கள் கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றவர்கள், பாடவில்லை, அவ்வளவே. 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அந்த மூன்று பிள்ளைகளால் இந்தியாவின் ஒற்றுமைக்கு எள்ளளவும் ஊறு நேரவில்லை.

சிங்கப்பூர் நீதிமன்றம் உறுதிமொழி சமயச் சடங்கு ஆகாது என்றதை நானும் ஏற்கிறேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. சொல்பவருக்கு அது என்னவாக இருக்கிறது என்பதே கேள்வி. மதம் பாராமல் ஒன்றுபடுவோம் என்று சொல்கிற வாக்கியத்தை, ஒருவருடைய மத நம்பிக்கைக்கு எதிராக அவரைச் சொல்ல வைத்தால், வாக்கியமே தன்னை மறுத்துக்கொள்கிறதே! வேலை போகும், பள்ளி போகும் என்ற அச்சத்தில் சொல்லப்படும்போது அது குடிமக்கள் தங்களுக்குள் தந்துகொள்ளும் வாக்காக இருப்பதில்லை; அதிகாரத்துக்குச் செலுத்தும் கப்பமாகிவிடுகிறது. கொழும்பின் ஆறாவது திருத்தத்துக்கும் அதற்கும் அப்போது என்ன வேறுபாடு? ஆகவே சிங்கப்பூரின் உறுதிமொழியை மதிப்பவன் என்ற முறையில் இரண்டை வேண்டுகிறேன். மனச்சாட்சியால் விலகும் மாணவரும் ஆசிரியரும் மரியாதையோடு எழுந்து நின்றால் அது போதும் என்று விதி அமையட்டும். 1966-இல் ராஜரத்தினம் எழுதி, செப்பனிடும்போது உதிர்ந்துபோன அந்த ஒருவருக்கொருவர் உதவி என்ற சொற்களைப் பள்ளிகளில் உறுதிமொழியின் வரலாறாகவாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.